இல்லாத ஆளுக்கு நின்ற வண்டி

வண்டி வாத்தியாரின் வலது கால் சும்மா இருக்காது. அவர் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார், வாத்தியார் பக்கத்து இருக்கையில் இருப்பார். அவர் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் பெடல் உண்டு. பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாணவர்களிடமிருந்து ஊர் ஜனங்களை இத்தனை வருடமாகக் காப்பாற்றி வந்தது அந்தப் பெடல்தான். பழக்கம் முற்றிப்போய், வீட்டில் தொலைக்காட்சியில் எவனாவது காரை விரட்டிக்கொண்டு போனாலும் சோபாவில் இருந்தபடியே தரையை அழுத்துவார்.

"அது படம்ங்க. நீங்க மிதிச்சு அவன் நிக்கப் போறதில்லை. கால்மிதிதான் தேயுது" என்பாள் மனைவி.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பின் குறுக்கே ஆணையம் வந்தது. 'தானே நிற்கும் வாகனங்களுக்கான ஆணையம்' என்பது அதன் முழுப்பெயர். இனிமேல் ஓட்டுநர் பள்ளிகள் எல்லாம் தானே நிற்கக்கூடிய மின்சாரக் கார்களில்தான் பாடம் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சி உரிமம் புதுப்பிக்கப்படாது என்று உத்தரவு போட்டார்கள். வாத்தியாரின் உரிமம் அந்த வருடம்தான் முடிகிறது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கினார்.

புதிய வண்டிக்குள் 'காவலன்' என்று ஒன்று இருந்தது. முன்னால் ஆள் வந்தால் காவலன் தானே கண்டுபிடித்துத் தானே பிரேக் போடுவான். அப்படியானால் வாத்தியார் பக்கத்துப் பெடல் எதற்கு என்று கேட்டதற்கு, பெடல் இருக்க வேண்டும் என்ற பழைய விதியை யாரும் எடுக்கவில்லை, அதனால் இருக்கட்டும், ஆனால் தேவைப்படாது என்றார்கள். வாத்தியாரும் தேவைப்படாத இடத்தில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் வாரமே வினை ஆரம்பித்தது. அன்று ஸ்டியரிங்கில் இருந்தவர் தையல்காரம்மா. தைத்த துணிகளைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஐம்பது வயதில் கார் பழக வந்தவர். ஊசியில் நூல் கோர்ப்பதுபோல அத்தனை கவனமாக ஓட்டுவார். கிடங்குச் சுவரை ஒட்டிய நேர் சாலை, முன்னால் ஈ காக்கை இல்லை. வண்டி திடீரென்று சடக்கென நின்றது. தையல்காரம்மாவின் கண்ணாடி மூக்கைவிட்டுக் குதித்து மடியில் விழுந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலை சார்!"

"நானும் பண்ணலைம்மா."

இருவரும் இறங்கிப் பார்த்தார்கள். கிடங்குச் சுவரில் பற்பசை விளம்பரம். அதில் ஒரு பையன் எல்லாப் பற்களையும் காட்டிக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தான். காவலன் அவனுக்காகத்தான் நின்றிருக்கிறான்.

அதற்குப் பிறகு காவலன் எதற்கெல்லாம் நின்றான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பேருந்தின் முதுகில் சோப்பைத் தூக்கிப் பிடித்திருந்த பெண்ணுக்கு நின்றான். கம்பத்தின் நிழலுக்கு நின்றான். காற்றில் பறந்த பிளாஸ்டிக் பைக்கு நின்று, அது போன பிறகும் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றான். ஒருநாள் மனைவி பின்சீட்டில் இருந்தபோது பாலத்தின் நிழலுக்கு அவன் போட்ட பிரேக்கில் அவள் கழுத்து பிடித்துக்கொண்டது. மருத்துவர் கழுத்தைச் சுற்றிப் பட்டை மாட்டி அனுப்பினார். அவள் இடது பக்கம் பார்க்க வேண்டும் என்றால் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

"போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்தபடி.

வண்டி நிறுவனத்தின் பணிமனை கண்ணாடியும் குளிரூட்டியுமாக இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எதுலயாவது மோதுச்சா சார்?"

"இல்லைம்மா."

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"என் சம்சாரத்துக்குக் கழுத்து..."

"வண்டிக்கு வெளியில கேக்கறேன் சார்."

"வெளியில யாரும் இல்லவே இல்லையேம்மா. அதுதான் புகாரே."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். புகார் வகைகள் இரண்டே இரண்டு இருந்தன. 'வண்டி நிற்கவில்லை.' 'வண்டி தாமதமாக நின்றது.' சும்மா நின்றது என்று ஒரு வகை இல்லை. அப்படியொன்று நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லையாம். மூன்றாவதாக 'மற்றவை' இருந்தது. அதை அழுத்தினால் தகவல் நேராகப் பாராட்டுப் பிரிவுக்குப் போய்விடும் என்று தெரிந்திருந்தால் வாத்தியார் அழுத்தியிருக்க மாட்டார். அவள் எழுந்து கைகொடுத்து, "வாழ்த்துகள் சார்" என்று ஒரு சாக்லேட் தந்தாள். அடுத்த வாரம் பணிமனைச் சுவரில் வாத்தியாரின் படம் தொங்கியது. 'என் வண்டி நிற்காத நாளே இல்லை' என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். புகாரில் அவர் சொன்னதுதான், தொனி மட்டும்தான் அவருடையது இல்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காவலன் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் 'விபத்து தவிர்க்கப்பட்டது' என்று ஆணையத்துக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தான். நாட்டில் வேறெந்த வண்டியும் அவ்வளவு விபத்துகளைத் தவிர்க்கவில்லை. அப்படியென்றால் அந்த வண்டிக்காரர் அத்தனை பேரைக் கொல்லப் பார்த்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. உரிமத்தைப் புதுப்பிப்பதா, ரத்து செய்வதா என்று அங்கே முடிவாகும். ஓட்டுநர் பள்ளியின் பெயர்ப்பலகையைக் கழற்றுவதுபோல அன்றிரவு வாத்தியாருக்குக் கனவு வந்தது.

விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் ஆணையத்தின் இயக்குநர், இருபுறமும் உறுப்பினர்கள். தலையாட்டுவதற்கு ஒருவர், அவர் தலையாட்டியதைக் குறித்துக்கொள்வதற்கு ஒருவர். ஓரத்தில் நிறுவனத்தின் பொறியாளர் கையில் ஒரு பலகைக் கணினியோடு உட்கார்ந்திருந்தார். இயக்குநர் சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தார். குரல் மட்டும் மிகவும் கனிவாக இருந்தது.

"கிடங்குச் சுவர் பக்கத்துல ஒரு சின்னப் பையன். குழந்தைன்னுகூடப் பாக்காம அவன்மேல ஏத்தப் போனீங்களே, உங்களுக்கு மனசு எப்படி வந்துச்சு?"

"சார், அது விளம்பரம். சுவத்துல வரைஞ்ச படம்."

இயக்குநர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் திரையைத் தடவிவிட்டு, "காவலன் 'மனிதர், சிறுவர், மகிழ்ச்சி'ன்னு பதிஞ்சிருக்கு சார். படம்னு பதியலை" என்றார்.

"பாருங்க. அந்தப் பையன் சிரிச்சுக்கிட்டு வந்தது வரைக்கும் அதுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்கு ஆளே தெரியலைங்கறீங்க. கண்ணை டெஸ்ட் பண்ணுங்க."

பக்கத்து அறையில் கண் சோதனை நடந்தது. கடைசி வரி வரைக்கும் வாத்தியார் தடங்கலில்லாமல் வாசித்தார். திரும்பி வந்தபோது தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தார்.

"கண் நல்லாத்தான் இருக்கு" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "அப்ப தெரிஞ்சேதான் ஏத்தப் போயிருக்கீங்க. கண்ணு சரியில்லைன்னா நான் ஏதாவது சலுகை குடுத்திருப்பேன்."

ஒருவர் தலையாட்டினார். மற்றவர் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை. ஆணையத்தின் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது, 'உயிர் பிழைத்தோர் பாராட்டு விழா'. வாத்தியார் வண்டியால் பிழைத்தவர்கள்தான் அதிகம் என்பதால் அவர் கட்டாயம் வரவேண்டும் என்றார்கள். எதற்கு என்று கேட்டார். அவர்கள் எதிலிருந்து பிழைத்தார்கள் என்று மேடையில் காட்டுவதற்கு என்றார்கள்.

ஆணைய அலுவலகத்தின் அரங்கில் நடந்த விழாவில் முதல் மூன்று வரிசை நாற்காலிகள் உயிர் பிழைத்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பூங்கொத்து. விழா தொடங்கியும் ஒரு நாற்காலியில்கூட யாரும் உட்காரவில்லை. வாத்தியார் மேடை ஓரத்தில் கூனிக் குறுகி இருந்தார். பார்வையாளர் பகுதியில் கழுத்துப் பட்டையோடு மனைவியும், அவள் பக்கத்தில் தையல்காரம்மாவும். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"இந்த நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்த்துச் சிலர் கேள்வி கேட்கலாம். எனக்கு இதைப் பார்த்தால் கண் கலங்குகிறது. அவர்கள் ஏன் வரவில்லை? ஏனென்றால் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்! வாழ்வதில் மும்முரமாக இருக்கிறார்கள்! போன வருடம் இரண்டு வரிசை காலியாக இருந்தது. இந்த வருடம் மூன்று வரிசை. அடுத்த வருடம் இந்த அரங்கம் முழுவதும் காலியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இலக்கு!"

கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் தையல்காரம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, நான்தான் அன்னிக்கு வண்டி ஓட்டினேன். அங்க ஒருத்தரும் இல்லை. வெறும் ரோட்டுல நின்னுச்சு. இந்தம்மா கழுத்தைப் பாருங்க. சும்மா இருக்கற மனுஷனைக் கொலைகாரன் மாதிரி மேடையில ஒக்கார வெச்சிருக்கீங்களே, நியாயமா?"

அரங்கம் திரும்பியது. மனைவியும் எல்லோருக்கும் கழுத்து தெரியட்டும் என்று முழு உடம்போடு ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டினாள். இயக்குநரின் கனிவு ஒரு நொடி தடுமாறியது. ஆனால் அவர் அனுபவசாலி.

"காவலன்மேல சந்தேகமா? நல்லது. இப்பவே தீர்த்துடலாம். வெளியில வாங்க. நானே வண்டிக்கு முன்னால நிக்கறேன்."

அலுவலகத்தின் பின்பக்கம் வண்டிகள் நிறுத்துகிற பெரிய வெட்டவெளி இருந்தது. எல்லோரும் ஓரமாகக் கூடினார்கள். தையல்காரம்மா ஸ்டியரிங்கில், வாத்தியார் பக்கத்தில். இயக்குநர் எதிர்முனைக்கு நடந்துபோய், கைகளைக் கட்டிக்கொண்டு, சிலைபோல நின்றார்.

"பயப்படாம வாங்கம்மா! பிரேக்கைத் தொடவே கூடாது! காவலன் பாத்துக்குவான்!"

சோதனை நடக்கும் நேரத்தில் காவலன் ஒழுங்காக நின்றுவிட்டால் நம் கதை முடிந்தது என்று வாத்தியாரின் ஒரு மனம் பயந்தது. நிற்காவிட்டால் அந்த மனிதரின் கதை என்னாவது என்று இன்னொரு மனம் பயந்தது. தையல்காரம்மா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். வண்டி வேகம் பிடித்தது. காவலன் வாயே திறக்கவில்லை. இயக்குநரின் கோட்டுப் பொத்தான்களை எண்ணலாம் என்கிற தூரம் வந்தது. அப்போதும் இல்லை. கடைசியில் இயக்குநரின் முகத்தில் கனிவு கழன்று விழுந்து, அதற்குக் கீழே சாதாரணமான ஒரு மனிதர் வாய் பிளந்து நிற்பதை வாத்தியார் பார்த்தார். தையல்காரம்மா "ஐயோ" என்று அலறினார். வாத்தியார் எதையும் யோசிக்கவில்லை. வலது கால் தானாகவே பெடலை அடிமட்டம் வரை மிதித்தது.

வண்டியின் மூக்கு இயக்குநரின் முழங்காலைத் தொட்டு நின்றது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பொறியாளர் ஓடிவந்து கணினியைத் தடவினார். "ஒண்ணுமில்லை சார். நீங்க கொஞ்சம்கூட அசையலை, கோட்டும் ரோடும் ஒரே கலர். அதனால 'அசையாப் பொருள், முக்கியமில்லை'ன்னு எடுத்துக்கிச்சு."

இத்தனை வருட அரசுப் பணியில் இயக்குநரைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. உறுப்பினர் பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டுப் பிறகு நிறுத்திக்கொண்டார்.

இயக்குநர் தண்ணீர் குடித்து, கோட்டைத் தட்டிக்கொண்டதும், எல்லோரும் விசாரணை அறைக்கு வந்தார்கள். இனி தனக்கு விடிந்துவிடும் என்றுதான் வாத்தியார் நம்பினார். உயிரைக் காப்பாற்றியிருக்கிறார், அதுவும் யாருடைய உயிரை! பொறியாளர் பதிவை வாசித்தார்.

"முன்னால் நபர் இல்லை. பயிற்சியாளர் காரணமின்றி பிரேக் அழுத்தினார். காவலன்மேல் அவநம்பிக்கை, கடும் குற்றம்."

"சார், நீங்க நின்னீங்களே!" என்றார் வாத்தியார்.

இயக்குநர் தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். நான் நின்றேன் என்றால் காவலன் பொய் என்றாகிவிடும். காவலன் பொய் என்றால் ஆணையம் எதற்கு, மூன்று வரிசை நாற்காலி எதற்கு, தான்தான் எதற்கு? அவர் டம்ளரை வைத்தார்.

"பதிவுப்படி, அந்த நேரத்துல அந்த இடத்துல நான் இல்லை."

"அப்ப நான் யாரைப் பாத்துங்க கத்தினேன்?" என்றார் தையல்காரம்மா.

"அதை நீங்கதாம்மா விளக்கணும்."

ஒருவர் தலையாட்டினார். மற்றவர் குறித்துக்கொண்டார்.

இருந்தாலும் இயக்குநர் நன்றி கெட்டவர் இல்லை. உரிமத்தை ரத்து செய்ய அவருக்கு மனம் வரவில்லை. ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் உடனே புதுப்பித்துத் தருவதாகச் சொன்னார். 'காவலன் நிற்காத இடத்தில் நான் பிரேக் அழுத்த மாட்டேன்.' அவ்வளவுதான். வாத்தியார் மனைவியைப் பார்த்தார். ஓட்டுநர் பள்ளி மூடிக் கிடப்பது அவர் கண்முன்னால் வந்தது. கையெழுத்துப் போட்டார். எதிரே ஆள் வந்தால் பிரேக்கைத் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த முதல் டிரைவிங் வாத்தியார் நானாகத்தான் இருப்பேன் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இயக்குநர் அடுத்த கூட்டத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அலுவலக வண்டி காலையிலிருந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. வாசல் தூணை அது யாரோ ஒரு பெரியவர் என்று நினைத்துவிட்டது, அவர் போகட்டும் என்று காத்திருக்கிறது. வேறு வழியில்லாமல் இயக்குநர் வாத்தியார் வண்டியின் பின்சீட்டில் ஏறினார். மனைவி அவர் பக்கத்தில், தையல்காரம்மா ஸ்டியரிங்கில். வண்டி கிளம்புவதற்குள் இயக்குநர் முன்னால் குனிந்தார்.

"கால் எங்க வெச்சிருக்கீங்க?"

"மடக்கி சீட்டுக்கு அடியில வெச்சுட்டேன் சார்."

"பெடல் மேல வையுங்களேன்."

"உறுதிமொழி குடுத்திருக்கேனே சார்."

"அது மத்தவங்களுக்கு!" என்றார் இயக்குநர், கனிவே இல்லாத குரலில்.

வாத்தியார் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். மனைவியும் முழு உடம்போடு திரும்பி இயக்குநரைப் பார்த்தாள்.

"வாயால சொன்னா எப்படி சார்? நாளைக்குப் பதிவுல வந்துட்டா எங்க வீட்டுக்காரர் உரிமம் போயிடும். எழுதிக் குடுத்துடுங்க" என்றாள்.

இயக்குநர் உறுதிமொழியை மடிமேல் வைத்து, தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். 'இயக்குநர் வண்டிக்குள்ளோ வண்டிக்கு முன்னாலோ இருக்கும் சமயம் நீங்கலாக.' கீழே கையெழுத்து, பையில் இருந்த முத்திரை எல்லாம் போட்டுக் கொடுத்தார். வாத்தியார் காலை எடுத்துப் பெடல்மேல் வைத்தார். அந்தப் பயணம் முழுக்க இயக்குநர் சாலையைப் பார்க்கவே இல்லை, அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் உரிமம் வந்துவிட்டது. தையல்காரம்மாவின் வகுப்பு வழக்கம்போல நடந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். முன்னால் தூரத்தில் ஒரு சின்ன உருவம் சாலையில் இறங்கியது. காவலன் வாயே திறக்கவில்லை. வாத்தியாரின் கால் அழுந்தியது, வண்டி அலுங்காமல் நின்றது.

"சார்!" தையல்காரம்மா பதறிப்போனார். "உறுதிமொழி குடுத்திருக்கீங்களே. இது பதிவாயிடுமே."

"ஆகட்டும்மா. இயக்குநர் முன்னால வந்தா மிதிக்கலாம்னு முத்திரை போட்டுக் குடுத்திருக்காரே."

"இயக்குநரா? அது ஸ்கூல் பொண்ணு சார்!"

"அவ்வளவு தூரத்துலேருந்து வரும்போது யார் இயக்குநர், யார் இல்லைன்னு நமக்கு எப்படிம்மா தெரியும்? அதனால ரோட்டுல யார் இறங்கினாலும் இயக்குநர்னே வெச்சுக்குங்க. இதுதான் இன்னிக்குப் பாடம்."

இயக்குநருக்கு ஆறு வயதிருக்கும். ஒரு காலில் சாக்ஸ் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. சாலை நடுவில் வந்ததும் அவள் நின்று, பையைக் கீழே வைத்து, குனிந்து சாக்ஸை நிதானமாக மேலே இழுத்துவிட்டாள். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். வாத்தியார் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"பொறுங்கம்மா. அவங்க கடந்து போகட்டும்."